விக்டர் கிளெம்பெரர்: நூலகக் கதவு மூடிய பிறகும் வாசித்தவர்

விக்டர் கிளெம்பெரர் என்ற பெயரை எங்கே பார்த்தாலும் "நாஜி காலத்து நாட்குறிப்பு எழுதியவர்" என்றுதான் இருக்கிறது, ஆனால் அவர் ஒரு இலக்கியப் பேராசிரியராம். அந்தத் துறையில் என்ன செய்தார், அவர் வாழ்க்கை எப்படிப் போனது, எதிலிருந்து வாசிக்கத் தொடங்குவது? இதுதான் கேள்வி.

இலக்கிய ஆய்வாளரையும் நாட்குறிப்புக்காரரையும் தனித்தனி மனிதர்களாகப் பார்த்தால் இருவருமே புரியமாட்டார்கள் என்பது என் எண்ணம். பிரெஞ்சு இலக்கியத்தின் பதினெட்டாம் நூற்றாண்டை வரி வரியாக வாசித்துப் பழகிய கண்தான், பிறகு நாஜி நாளிதழையும் மளிகைக்கடை வரிசையில் காதில் விழுந்த பேச்சையும் வாசித்தது. அவரைவிடக் கொடுமை அனுபவித்தவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. அவரைப் போல அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இந்த எண்ணத்தோடுதான் அவர் வாழ்க்கையைச் சொல்லப்போகிறேன்.

1881 அக்டோபர் 9 அன்று வார்த்தே ஆற்றங்கரையில் உள்ள லாண்ட்ஸ்பெர்க் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யா, இன்று போலந்து. தந்தை வில்ஹெல்ம் கிளெம்பெரர் யூத மதகுரு. பெரிய குடும்பம், விக்டர் கடைக்குட்டி மகன். சில ஆண்டுகளில் தந்தைக்கு பெர்லினில் சீர்திருத்த யூத சபையில் வேலை கிடைத்துக் குடும்பம் தலைநகருக்கு வந்தது. அந்தச் சபையில் வழிபாடு ஜெர்மன் மொழியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். யூத அடையாளத்தைவிட ஜெர்மானிய அடையாளமே பெரிது என்று நினைத்த வீடு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அண்ணன்கள் கியோர்க், ஃபீலிக்ஸ் இருவரும் புகழ்பெற்ற மருத்துவர்கள். கியோர்க்கை லெனினுக்கு வைத்தியம் பார்க்க மாஸ்கோவுக்கே அழைத்தார்கள். இசை நடத்துநர் ஓட்டோ கிளெம்பெரர் ஒன்றுவிட்ட சகோதரர். வீட்டில் எல்லோரும் எதையோ சாதித்திருக்க, தான் மட்டும் எதிலும் நிலைக்காதவன் என்ற உறுத்தல் விக்டருக்குக் கடைசி வரை போகவில்லை. நாட்குறிப்பில் அது மீண்டும் மீண்டும் வரும்.

உண்மையிலேயே அவர் நிலைக்க நாளாயிற்று. பள்ளியைப் பாதியில் விட்டு வணிக நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அது பிடிக்காமல் மறுபடி பள்ளிக்குப் போய் 1902இல் தேர்வு எழுதினார். மியூனிக், ஜெனீவா, பாரிஸ், பெர்லின் என்று நான்கு நகரங்களில் தத்துவமும் ஜெர்மன், பிரெஞ்சு இலக்கியங்களும் படித்தார். பட்டம் வாங்காமலே 1905இல் வெளியே வந்து பெர்லினில் பத்திரிகை எழுத்தாளரானார். கதை, கவிதை, விமர்சனம், சொற்பொழிவு என்று எதையும் விடவில்லை. அன்று பெயர் பெற்றிருந்த பால் ஹைசே, அடோல்ஃப் வில்பிராண்ட், பால் லிண்டாவ் போன்றவர்களைப் பற்றிச் சிறு நூல்கள் எழுதினார். அவை இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் இந்த ஏழு வருடப் பத்திரிகை வாழ்க்கையை வீண் என்று நான் சொல்லமாட்டேன். அன்றன்றைக்கு எழுதி முடிக்கும் கை, தெருவில் கேட்ட பேச்சைக் கேட்டபடியே எழுதும் காது, இரண்டும் அங்கேதான் உருவாயின. பேராசிரியராக மட்டுமே வளர்ந்தவருக்கு அவை வாய்த்திருக்காது.

1906இல் எவா ஷ்லெம்மரைத் திருமணம் செய்துகொண்டார். எவா பியானோ வாசிப்பவர், இசை ஆய்வாளர், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். இந்தக் கடைசித் தகவல் முப்பது ஆண்டுகள் கழித்து விக்டரின் உயிரைக் காக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

1912இல் விக்டரும் கிறிஸ்தவத்துக்கு மாறினார். பக்தியால் மாறியதாகத் தெரியவில்லை. தன்னை முழு ஜெர்மானியனாக உணர்ந்தவர் அதற்கான கடைசிப் படி என்று இதை நினைத்தார். பிறகு மியூனிக் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1913இல் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டு கார்ல் ஃபோஸ்லர் வழிகாட்டலில் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூவைப் பற்றி ஆய்வு எழுதிப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி பெற்றார். கொஞ்ச காலம் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் கற்பித்தார். முதல் உலகப்போர் வந்ததும் தானாக முன்வந்து படையில் சேர்ந்தார். பவேரியப் பீரங்கிப் படையில் மேற்கு முனையில் சில மாதங்கள் இருந்து நோய்ப்பட்டார். போரின் மிச்சக் காலத்தைக் கௌனாஸ், லைப்சிக் நகரங்களில் ராணுவத் தணிக்கை அலுவலகத்தில் கழித்தார். அதாவது, அச்சாகப்போகும் சொற்களை அரசின் கண்ணால் பார்க்கும் வேலையும் அவருக்குப் பழக்கம்.

ஆசிரியர் ஃபோஸ்லரிடமிருந்து அவர் பெற்றது முக்கியமானது. அந்தக் காலத்து மொழி ஆய்வு பெரும்பாலும் ஒலி மாற்றங்களையும் இலக்கண வடிவங்களையும் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தது. ஃபோஸ்லர் அதை எதிர்த்தார். ஒரு மொழியின் நடையில் அதைப் பேசுகிற மக்களின் மனமும் பண்பாடும் தெரியும், அதை வாசிப்பதுதான் மொழியியலாளரின் வேலை என்றார். கிளெம்பெரர் அதை முழுதாக ஏற்றுக்கொண்டவர். 1922இல் ஃபோஸ்லருக்காக வந்த சிறப்பு மலரைத் தொகுத்தவர்களில் அவரும் ஒருவர்.

1920இல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. பொறியாளர்களை உருவாக்கும் இடத்தில் பிரெஞ்சு இலக்கியத்துக்கு என்ன மரியாதை இருக்கும்? பெர்லின், மியூனிக் போன்ற பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார், வரவில்லை. இருந்தும் உழைப்பு குறையவில்லை. நவீன பிரெஞ்சு உரைநடை, நவீன பிரெஞ்சுக் கவிதை இரண்டுக்கும் விளக்கத்தோடு தொகுப்புகள் கொண்டுவந்தார். பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டு பிரெஞ்சு இலக்கிய வரலாற்றைப் பல பாகங்களாக எழுதினார். 1933இல் நாடகாசிரியர் கோர்னேயைப் பற்றிய நூல் வந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அவர் பெயரில் ஜெர்மனியில் எதுவும் அச்சேற முடியவில்லை.

அந்த ஆய்வு நூல்களின் தரம் என்ன? நேர்மையாகச் சொன்னால், அதே துறையில் அதே தலைமுறையில் எரிக் ஆவர்பாக், லியோ ஸ்பிட்சர், எர்ன்ஸ்ட் ராபர்ட் குர்ட்டியுஸ் மூவரும் இருந்தார்கள். அவர்களின் ஆய்வுகளை இன்றும் பாடமாக வைக்கிறார்கள், கிளெம்பெரரின் இலக்கிய வரலாறுகளைத் துறைக்காரர்கள் மட்டுமே தேடிப் பார்க்கிறார்கள். ஓட்டமாக வாசிக்க வைக்கும் நடை அவருடையது, நூலாசிரியர்களை மனிதர்களாக நிறுத்தத் தெரிந்தவர். குறை எங்கே என்றால், "பிரெஞ்சு மனம் இப்படி, ஜெர்மன் மனம் இப்படி" என்று நாடுகளுக்குக் குணம் வகுத்து அதற்குள் எழுத்தாளர்களை அடைப்பது. அந்தக் காலத்தின் பொதுவான பழக்கம் அது, அவரிடமும் நிறைய இருந்தது.

அந்தப் பழக்கத்தை வரலாறே உடைத்தது. ஹிட்லர் பதவிக்கு வந்த சில வாரங்களில், 1933 ஏப்ரல் தொடக்கத்தில், நாட்குறிப்பில் எழுதுகிறார்: கொடூரம், அநீதி, பாசாங்கு, கும்பல் போதை, எதையெல்லாம் ஜெர்மானியம் அல்லாதது என்று நினைத்தேனோ அதெல்லாம் இங்கே தழைக்கிறது என்று. நாடுகளின் குணத்தை ஆய்வு செய்து வாழ்ந்தவர் எழுதிய வரி இது. இதை நான் ஒரு ஆய்வாளரின் சுயதிருத்தமாகவே வாசிக்கிறேன். துயரம் அதற்கு அடுத்த அடுக்கு.

யூத வம்சத்தினரை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் அதே ஏப்ரலில் வந்தது. மதம் மாறியதெல்லாம் கணக்கில் வரவில்லை, பாட்டன் பாட்டி யார் என்பதே கேள்வி. போர்முனையில் இருந்தவர்களுக்கு விலக்கு இருந்ததால் முதல் சுற்றில் தப்பினார். 1935 வசந்தத்தில் தபாலில் பணிநீக்க ஆணை வந்தது.

ஏன் நாட்டை விட்டுப் போகவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். ஆவர்பாக்கும் ஸ்பிட்சரும் இஸ்தான்புல் போனார்கள். கிளெம்பெரரும் வெளிநாடுகளில் வேலை தேடிக் கடிதங்கள் எழுதினார், பயன் இல்லை. அண்ணன் கியோர்க் அமெரிக்காவிலிருந்து அழைத்துப் பார்த்தார். ஆனால் ஐம்பது வயதைக் கடந்தவர், சரளமாக ஆங்கிலம் வராது, அண்ணன் கையை எதிர்பார்த்து வாழ மனம் ஒப்பவில்லை. இன்னொன்றும் உண்டு. டிரெஸ்டனை ஒட்டிய டோல்ஷென் கிராமத்தில், வேலை ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், கடன் வாங்கி ஒரு சிறு வீடு கட்டினார்கள். 1934இல் குடியேறினார்கள். மனச்சோர்வில் இருந்த எவாவுக்கு அந்த வீடும் தோட்டமும் உயிர். 1936இல் கார் ஓட்டப் பழகி, பழைய ஓப்பல் கார் ஒன்றும் வாங்கினார். வேலையும் உரிமையும் பறிபோன ஒருவர் அந்த வயதில் கார் வாங்கி மனைவியோடு ஊர் சுற்றிய பக்கங்கள் நாட்குறிப்பிலேயே மிக மகிழ்ச்சியானவை. 1938 டிசம்பரில் யூதர்கள் கார் ஓட்டத் தடை வந்து அதுவும் முடிந்தது.

இங்கே அவருடைய எழுத்து எப்படி நகர்கிறது என்று கவனிக்க வேண்டும். வேலை போன பின், வாழ்நாள் நூலாக நினைத்திருந்த பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு இலக்கிய வரலாற்றை எழுதத் தொடங்கினார். அச்சிட யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதினார். 1936இல் நூலகத்தின் வாசிப்பறைக்குள் வரக்கூடாது என்றார்கள், புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். 1938 முடிவில் இரவல் வாங்கவும் தடை வந்தது. மூல நூல்கள் இல்லாமல் இலக்கிய வரலாறு எழுத முடியாது, ஆகவே தன் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தார், அதற்கு நினைவும் பழைய நாட்குறிப்புகளும் போதும். பிறகு தட்டச்சுப் பொறி போயிற்று, வீடு போயிற்று, காகிதம் வைத்திருப்பதே ஆபத்தாயிற்று. கடைசியில் கையில் மிஞ்சியது சுற்றிலும் கேட்ட மொழி மட்டும்தான். அதை யாராலும் தடைசெய்ய முடியவில்லை. தடை போட்டவர்களே அதை உற்பத்தி செய்துகொண்டிருந்தார்கள். அவர் அதை வாசிக்கத் தொடங்கினார்.

1940 மே மாதம் டோல்ஷென் வீட்டை விட்டு வெளியேற்றி, "யூதர் வீடு" என்று அரசு பெயரிட்ட கட்டடத்தில் பல குடும்பங்களோடு நெருக்கியடித்துத் தங்க வைத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் இன்னும் இரண்டு முறை இடம் மாற்றினார்கள். 1941இல் சன்னலை இருட்டடிப்பு செய்ய மறந்ததற்காக எட்டு நாள் சிறை. அந்தச் செப்டம்பர் முதல் யூதர் என்று காட்டும் மஞ்சள் நட்சத்திரம் அணியாமல் தெருவில் இறங்கக் கூடாது. 1942 ஜூனில் ஒரு நாள் உட்கார்ந்து தங்கள் மேல் போடப்பட்ட தடைகளை எண்ணி எழுதுகிறார், முப்பதுக்கும் மேல் வருகிறது. வானொலி, தொலைபேசி, திரையரங்கு, நாளிதழ் வாங்குவது, பூ வாங்குவது, சைக்கிள், முடிதிருத்தும் கடை, பூங்கா, புகையிலை என்று பட்டியல் போகிறது. அதற்கு முந்தைய மாதம் யூதர் வீடுகளில் செல்லப்பிராணிகள் இருக்கக்கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்ற உத்தரவு வந்திருந்தது. அவர்களிடம் முஷெல் என்ற பூனை இருந்தது. அது தங்கள் கையை விட்டு வேறெங்கும் போய்ச் சாக வேண்டாம் என்று எவாவே மருத்துவரிடம் எடுத்துப்போனார். கடைசியாக அதற்கு நல்ல இறைச்சி வைத்ததைக்கூட விக்டர் எழுதி வைத்திருக்கிறார். நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ நடத்திய சோதனைகளின் அடி, உதை, காறித் துப்பல் பற்றிய பக்கங்களைவிட இந்தப் பக்கம் எனக்குக் கனமாக இருக்கிறது.

இப்படிச் சின்னச் சின்னவற்றை எழுதியது தற்செயல் அல்ல. பெரிய சம்பவங்களை மற்றவர்கள் எழுதுவார்கள், கொடுங்கோன்மையின் அன்றாடம் மறந்துபோகும், தலையில் விழும் ஒரு அடியைவிட ஆயிரம் கொசுக்கடிகள் மோசமானவை, நான் கொசுக்கடிகளைக் குறித்துக்கொள்கிறேன் என்று 1944இல் எழுதினார். எழுதிய தாள்களை வீட்டில் வைத்திருக்க முடியாது. எவா நாஜிக் கணக்கில் "ஆரியர்", அதாவது யூதர் அல்லாதவர் என்பதால் ஊரில் நடமாட முடியும். அவர்தான் தாள்களை எடுத்துக்கொண்டு பிர்னாவில் இருந்த மருத்துவத் தோழி அன்னெமாரி கோலரிடம் சேர்ப்பார். பிடிபட்டால் மூவருக்கும் முடிவு என்ன என்பது மூவருக்கும் தெரியும். நாட்குறிப்பில் பெயர் வந்த மற்றவர்களுக்கும் அதே கதிதான், அவர்களைக் கேட்காமலே ஆபத்தில் தள்ளுகிறேனே என்ற கேள்வி விக்டரை அரித்தது. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.

எவாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். யூதக் கணவரை விவாகரத்து செய்தால் அவருக்கு எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும், அப்படிச் செய்யச் சொல்லித்தான் கெஸ்டாபோ அவரை அவமானப்படுத்தியது. அவர் விட்டிருந்தால் விக்டர் கொலை முகாமுக்குப் போகும் அடுத்த ரயிலில் ஏற்றப்பட்டிருப்பார். பசியிலும் நோயிலும், தன் பியானோவை இழந்தும், எவா கூடவே இருந்தார். கலப்பு மணம் என்ற அந்த ஒரு காரணத்தால்தான் விக்டர் 1945 வரை டிரெஸ்டனில் இருந்தார்.

இனி அவர் கண்டுபிடித்ததற்கு வருகிறேன். நாட்குறிப்பில் "எல்.டி.ஐ." என்று ஒரு சுருக்கக் குறி அடிக்கடி வரும். "மூன்றாம் ரைக்கின் மொழி", அதாவது நாஜி அரசின் மொழி என்பதற்கான லத்தீன் தொடரின் முதல் எழுத்துகள் அவை. சோதனைக்கு வருகிறவனுக்குப் புரியக் கூடாது. மொழி பற்றிய குறிப்பு எதுவானாலும் இந்தக் குறியின் கீழ் சேரும். ஹிட்லரின் பேச்சு மட்டும் அல்ல, மரண அறிவிப்பு, பிறப்பு அறிவிப்பு, ரேஷன் அட்டை, தொழிற்சாலையில் பக்கத்துத் தொழிலாளி பேசியது, கடைக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னது, எல்லாம் மூல நூல்தான்.

"வெறிகொண்ட" என்ற பொருளில் வரும் "ஃபனாட்டிஷ்" என்ற ஜெர்மன் சொல்லைப் பற்றி அவர் எழுதியதே சிறந்த உதாரணம். அவர் பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் அவர் கூட்டாளிகளும் மதவெறியைத் தாக்கிய காலத்தில் அந்தச் சொல் ஒரு வசை, அறிவின் எதிரிக்குக் கொடுத்த பெயர். நாஜி மொழியில் அதே சொல் பாராட்டாக மாறியது. வீரன், உறுதியானவன், விசுவாசமானவன் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அதுவே வந்தது. பண்டிகை நாள் நாளிதழில் ஒவ்வொரு பத்தியிலும் அது இருந்தது. தேய்ந்து தேய்ந்து, போர் தோற்கும் கட்டத்தில் அந்தச் சொல்லும் போதாமல், 1944இல் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் "மூர்க்க வெறி" என்று அதற்கு மேலும் ஒரு அடைமொழி போட வேண்டியதாயிற்று. சாதாரண வாசகர் இதைக் கவனிக்கமாட்டார். அந்தச் சொல் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எந்தப் பக்கம் நின்றது என்று தெரிந்தவருக்கே அது கட்சி மாறியது தெரியும்.

அவர் வேறொன்றையும் கவனித்தார், இந்தக் குறிப்புகளிலிருந்து பிறகு உருவான "எல்.டி.ஐ." நூலின் மையம் அதுதான் என்பேன். அந்த மொழி நாஜிகளோடு நிற்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு யூதப் பெண்மணி, ஜெர்மன் இலக்கியம் முறையாகப் படித்தவர், தன் குழந்தைகளை "வெறிகொண்ட ஜெர்மானியர்களாக" வளர்க்க வேண்டும் என்று சொன்னார். தன்னைக் கொல்ல வருகிறவனின் சொல்லையே உயர்ந்த சொல்லாகப் பேசினார். கிளெம்பெரர் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்ட தொழிற்சாலையில் ஃப்ரீடா என்ற தொழிலாளி இருந்தார். யூதர்களோடு பேசக் கூடாது என்ற விதியை மீறி அவரிடம் நலம் விசாரிப்பார். எவா உடல்நலமில்லாமல் இருப்பதைக் கேள்விப்பட்டு ஒரு ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தயங்கிக் கேட்டார்: உங்கள் மனைவி ஜெர்மன்காரராமே, உண்மையா? நல்ல மனம்தான். ஆனால் எதிரே நிற்பவர் ஜெர்மன்காரர் அல்ல என்பது அந்த நல்ல மனத்துக்குள்ளும் இயல்பான உண்மையாகக் குடியேறிவிட்டது. சொற்கள் மிகச் சிறிய அளவில் உட்கொள்ளும் ஆர்சனிக் நஞ்சு போல, விழுங்குவது தெரியாது, எதுவும் ஆகாதது போலிருக்கும், நாளாவட்டத்தில் வேலையைக் காட்டும் என்று கிளெம்பெரர் எழுதியது இதைத்தான்.

1945 பிப்ரவரிக்குள் டிரெஸ்டனில் எஞ்சிய யூதர்கள் இருநூறு பேருக்குள்தான், பெரும்பாலும் கலப்பு மணம் செய்தவர்கள். பிப்ரவரி 13 அன்று ஒரு சுற்றறிக்கையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். மூன்று நாளில் "வெளியூர் வேலைக்கு" வரச் சொல்லும் ஆணை அது. குழந்தைகளும் அழைக்கப்பட்டிருந்ததால் அது என்ன வேலை என்று கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தெரிந்தது. அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை, அடுத்ததில் இருக்கும் என்று நினைத்தார். அன்று இரவே பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. சுமார் 25,000 பேர் இறந்த அந்தக் குண்டுவீச்சில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். முகத்தில் காயத்தோடு, கையெழுத்துப் பிரதிகள் இருந்த பையைச் சுமந்துகொண்டு இரவெல்லாம் அலைந்தார். காலையில் எல்பே ஆற்றங்கரையின் ப்ரூல் மேடையில் எவாவைக் கண்டுபிடித்தார். எவா பேனாக்கத்தியால் அவர் மேலங்கியிலிருந்த நட்சத்திரத்தை அறுத்தெடுத்தார். கெஸ்டாபோவின் ஆவணங்கள் எரிந்துவிட்டன என்று நம்பி, இனி வீடிழந்த சாதாரண ஜெர்மானிய அகதிகளாக நடப்பது என்று முடிவுசெய்தார்கள். ஊரையே அழித்த நெருப்புதான் அவரைக் காப்பாற்றியது. அந்த இரவை அவர் எழுதியிருக்கும் விதத்தில் வெற்றிக்களிப்பும் இல்லை, தத்துவமும் இல்லை, எந்தத் தெருவில் என்ன எரிந்தது என்பது மட்டுமே இருக்கிறது.

தப்பி ஓடிய வழியிலும் மொழியியலாளர் வேலை செய்தார். தன் பெயர் காட்டிக்கொடுக்கும் என்பதால், எழுத்துகளில் சின்னத் திருத்தம் செய்து கிளெம்பெரரைக் "கிளைன்பேட்டர்" ஆக்கிக்கொண்டார். கடைசியில் பவேரியாவின் உன்டர்பெர்ன்பாக் என்ற கிராமத்தில் அமெரிக்கப் படை வரும்வரை தங்கினார்கள். அங்கே பெர்லினிலிருந்து வந்த ஒரு எளிய பெண்ணைச் சந்தித்தார், அவள் சிறையில் இருந்தவள். எதற்காக என்று கேட்டதற்கு, "சொன்ன வார்த்தைகளுக்காக" என்று தன் வட்டார வழக்கில் சொன்னாள். ஹிட்லரைத் திட்டியிருக்கிறாள். குறிப்புகளை நூலாக்க வேண்டும் என்ற தெளிவு அந்தப் பதிலில்தான் பிறந்தது என்று அவரே எழுதுகிறார். 1945 ஜூனில் பெரும்பகுதி கால்நடையாகவே டிரெஸ்டன் திரும்பினார்கள். டோல்ஷென் வீடு நின்றுகொண்டிருந்தது, திரும்பக் கிடைத்தது. பிர்னாவில் தாள்கள் பத்திரமாக இருந்தன. 1947இல் "எல்.டி.ஐ." பெர்லினில் ஆஃப்பாவ் பதிப்பகம் வழியாக வந்தது, எவாவுக்குச் சமர்ப்பணமாக.

இதற்குப் பிறகான பதினைந்து ஆண்டுகளைப் பலர் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. 1945இலேயே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். நாஜிகளை உண்மையாகவே ஒழிக்கப்போவது அவர்கள்தான் என்று நம்பினார், அதோடு இத்தனை காலம் கிடைக்காத பதவி, மேடை, மரியாதை எல்லாம் கிடைக்கும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டையும் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதுகிறார். கிடைக்கவும் செய்தன: கிரைஃப்ஸ்வால்ட், ஹாலே, கடைசியில் அவர் ஏங்கிய பெர்லின் என்று பேராசிரியர் பதவிகள், 1950 முதல் கிழக்கு ஜெர்மனி நாடாளுமன்றத்தில் இடம், 1952இல் தேசியப் பரிசு. நூலகம் மூடியதால் நின்றுபோன பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றின் முதல் பாகம், வால்டேரைப் பற்றியது, 1954இல் அச்சானது. இரண்டாம் பாகத்தை அவர் பார்க்கவில்லை. எவா 1951இல் இறந்தார். மறு ஆண்டு தன்னிடம் படித்த ஹாட்விக் கிர்ஷ்னரை மணந்தார், அவர் நாற்பத்தைந்து வயது இளையவர்.

ஆனால் காது ஓய்வெடுக்கவில்லை. 1945 ஜூன் மாதமே, இனி நான்காம் ரைக்கின் மொழியையும் கவனிக்க வேண்டும், அதற்கும் மூன்றாவதற்கும் சில வேளை வித்தியாசமே தெரியவில்லை என்று எழுதிவிட்டார். புதிய ஆட்சியின் மேடைச் சொற்கள், மிகைகள், தலைவர் துதி எல்லாவற்றையும் தனியே குறித்துவந்தார். வெளியே சொல்லவில்லை. உண்மையை எழுதிவைத்தாலே போதும் என்பது ஹிட்லர் காலத்தில் வீரம், ஏனென்றால் வேறு வழி இல்லை. 1950களில் அவர் நாடாளுமன்ற உறுப்பினர், பேச இடம் இருந்தவர். அங்கே அந்த மௌனத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனால் அறுபது வயதுவரை எல்லாவற்றையும் இழந்த ஒருவர் கிடைத்ததை மறுபடி இழக்க அஞ்சியது புரிகிறது. 1958இல் சீனாவுக்குப் போய்வந்த பின் எழுதிய பக்கங்களில் நம்பிக்கை முறிந்தது வெளிப்படையாகவே தெரிகிறது. 1960 பிப்ரவரி 11 அன்று டிரெஸ்டனில் இறந்தார், டோல்ஷென் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

உலகப் புகழ் வந்தது அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. 1933 முதல் 1945 வரையான நாட்குறிப்புகள், வால்டர் நோவோய்ஸ்கி பதிப்பாசிரியராக, ஹாட்விக்கின் ஒத்துழைப்போடு 1995இல் இரண்டு பெரிய பாகங்களாக வந்தன. அந்த ஆண்டே மியூனிக்கில் நாஜிகளை எதிர்த்துக் கொல்லப்பட்ட ஷோல் உடன்பிறப்புகள் பெயரிலான பரிசு அளிக்கப்பட்டது. பாராட்டுரை நிகழ்த்திய எழுத்தாளர் மார்ட்டின் வால்சர், ஜெர்மானிய யூத உறவு வேறு விதமாகவும் போயிருக்கலாம் என்பதற்குக் கிளெம்பெரரைச் சாட்சியாக நிறுத்தினார், அதற்குக் கடும் மறுப்பும் எழுந்தது. சாதாரண ஜெர்மானியர்கள் குற்றத்தில் எவ்வளவு பங்கு என்ற விவாதத்திலும் இரண்டு தரப்பும் இந்த நூலைத்தான் புரட்டின. இரண்டு தரப்புக்கும் அதில் கிடைக்கும்: தெருவில் தேடி வந்து கைகொடுத்த முன்பின் தெரியாதவரும் உண்டு, நட்சத்திரத்தைப் பார்த்துக் கூச்சலிட்ட சிறுவர்களும் உண்டு. ஒரே பக்கத்தில்கூட உண்டு. யாராவது இதை ஒரே முடிவுக்கு ஆதாரமாகக் காட்டினால், அந்த ஆள் பக்கத்தைப் பாதியில் மூடியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எதிலிருந்து தொடங்குவது? பலரும் சொல்வதுபோல "எல்.டி.ஐ."யிலிருந்து தொடங்க நான் சொல்லமாட்டேன். அது நல்ல நூல், ஆனால் ஜெர்மன் சொற்களின் மேல் நடப்பது, முதல் வாசிப்பில் கைநழுவும். யூத தேசியவாதத்தைப் பற்றி அவர் அதில் எழுதிய அத்தியாயமும் அவசரத் தீர்ப்புகள் நிறைந்தது, பின்னணி தெரியாமல் படித்தால் குழப்பும். மார்ட்டின் சால்மர்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்த நாட்குறிப்பை எடுத்து 1942ஆம் ஆண்டை முதலில் படியுங்கள். தினம் சில பக்கங்கள் போதும், ஒரே மூச்சில் படிக்க முடியாது. பிறகு 1933க்குத் திரும்பி, அந்த நிலைக்கு எப்படிப் படிப்படியாக வந்தார்கள் என்று பாருங்கள். அதன் பின் "எல்.டி.ஐ."யைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் எந்த வீட்டில், யார் வாயில் கேட்டது என்று தெரிந்திருக்கும். போருக்குப் பிந்தைய நாட்குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சு இலக்கியத்தில் ஆர்வம் இருந்து ஜெர்மனும் தெரிந்தால், வால்டேர் பாகத்தை நூலகத்தில் தேடிப் பாருங்கள். 1938இல் பாதியில் நின்ற வேலை அது.